அடுப்படி மண்ணும் சாமுராய்ப் போரும்

1575-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், இன்றைய ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஷிதாரகஹாரா என்ற குறுகலான சமவெளியில் ஒரு போர் நடந்தது. பக்கத்திலிருந்த கோட்டையின் பெயரால் அதை நாகஷினோ போர் என்கிறார்கள். ஒரு பக்கம் ஓடா நோபுனாகாவும் அவருடைய கூட்டாளி டோக்குகாவா இயேயாசுவும். எதிர்ப்பக்கம் தக்கேடா கட்சுயோரி. விடிந்ததும் தொடங்கிய சண்டை பிற்பகலில் ஓய்ந்தபோது, கிழக்கு ஜப்பான் முழுவதும் அஞ்சி நடுங்கிய தக்கேடா படை உடைந்து போயிருந்தது. அதன் புகழ்பெற்ற தளபதிகளான யமகாத்தா மசாகாகே, பாபா நோபுஹாரு, நைத்தோ மசதோயோ மூவரும் அன்றைக்கே மாண்டார்கள்.

இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வீரத்தையும் தந்திரத்தையும் பேசுவார்கள். நாம் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நோபுனாகாவிடம் பணியாற்றிய ஓட்டா கியூயிச்சி எழுதிய வரலாறு, அவர் பக்கம் ஆயிரம் துப்பாக்கிகள் இருந்ததாகச் சொல்கிறது. அதன் ஒரு பிரதியில் 'ஆயிரம்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'மூன்று' என்று சிறிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே மூவாயிரம் என்று சொல்வாரும் உண்டு. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒரு குண்டு 6 மொம்மே எடை என்று வைப்போம். ஒரு மொம்மே 3.75 கிராம், ஆக 22.5 கிராம் ஈயம். அதைத் தள்ள, அதில் பாதி எடை வெடிமருந்து. அந்த நீண்ட காலைப்பொழுதில் ஒரு துப்பாக்கி முப்பது முறை சுட்டது என்று கொண்டால், மொத்தம் 30,000 வெடிகள். அதற்கு ஈயம் 675 கிலோ. வெடிமருந்து ஏறக்குறைய 340 கிலோ. கறுப்பு வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. அது மட்டும் 250 கிலோ. இது என் கணக்கு. உண்மையான எண் இதில் பாதியாகவோ இரண்டு மடங்காகவோ இருக்கலாம். ஆனால் கேள்வி மாறாது: இயற்கையாக வெடியுப்புப் படிவங்களே இல்லாத ஒரு மழைநாட்டில், ஒரு நாள் காலையில் எரித்துவிட இவ்வளவு வெடியுப்பு எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்தை எனக்குப் புரியவைத்தது இந்தக் கேள்விதான். அந்தக் காலத்தின் முடிவை எழுதியது வாள் அல்ல, வேதியியல் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது.

அந்தக் காலம் 1467-இல் தொடங்குகிறது. அஷிகாகா ஷோகுன் யோஷிமாசாவுக்குப் பின் யார் என்ற தகராறில் ஹொசொகாவா கட்சுமோதோ, யமானா சோசென் என்ற இரு பெரும் பிரபுக்கள் தலைநகர் கியோட்டோவின் தெருக்களிலேயே மோதிக்கொண்டார்கள். ஓனின் போர் எனப்படும் அது பத்தாண்டுகள் நீடித்தது. இரு தலைவர்களும் 1473-இல் இறந்தார்கள். அப்போதும் சண்டை நிற்கவில்லை. கியோட்டோவின் பெரும்பகுதி எரிந்தது, நடுவண் ஆட்சி பெயரளவுக்கு ஆனது, ஒவ்வொரு மாகாணமும் தனி நாடானது. அடுத்த நூறாண்டுக்கும் மேல் அந்த மாகாணங்களின் தலைவர்கள் ஒருவரையொருவர் விழுங்கினார்கள்.

போர் பெருகப் பெருகப் படையின் உருவம் மாறியது. பரம்பரைக் குதிரைவீரர்களான சாமுராய்கள் மட்டும் போதவில்லை. அஷிகாரு எனப்பட்ட காலாட்கள் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டார்கள். பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கையில் நீண்ட ஈட்டி. நோபுனாகாவின் ஆட்களுடைய ஈட்டி ஏறத்தாழ 6 மீட்டர் இருந்தது. வரிசையாக நின்று ஈட்டியை ஒன்றாகத் தாழ்த்தினால், எந்தக் குதிரையும் அந்த முள்வேலிக்குள் நுழையாது. அதற்குத் தனிப்பட்ட வீரம் அதிகம் தேவையில்லை. வரிசை கலையாமல் நின்றால் போதும்.

சாமுராய் என்றதும் நமக்கு வாள்தான் நினைவுக்கு வருகிறது. போர்க்களம் அப்படி இல்லை என்பதற்கு ஜப்பானியர்களே சான்று வைத்திருக்கிறார்கள். சண்டை முடிந்ததும் வீரர்கள் தங்கள் தலைவரிடம் எழுத்து மூலம் அறிக்கை கொடுப்பார்கள்: எங்கே, எந்த ஆயுதத்தால், உடலின் எந்த இடத்தில் காயம் பட்டது என்று. பரிசும் நிலமும் கேட்பதற்கு அதுதான் ஆதாரம். பொய் சொன்னால் பிடிபட்டுவிடும் என்பதால் அவை நம்பத்தகுந்தவை. அந்த ஓலைகளை எண்ணிப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் 14-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலானவை அம்புக் காயங்கள் என்று கண்டார்கள். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அம்பின் இடத்தைத் துப்பாக்கிக் குண்டு பிடித்துக்கொள்கிறது. வாள் காயங்கள் எப்போதும் சிறுபான்மைதான்.

இதனால் வாளின் சிறப்பு குறைந்துவிடாது. உலோகவியலில் அது ஓர் அற்புதம். இரும்பு மணலையும் கரியையும் தத்தாரா என்ற களிமண் உலையில் மாற்றி மாற்றிக் கொட்டி, இரவு பகலாக மூன்று நாள் துருத்தி ஊதி எஃகு எடுப்பார்கள். அதை அடித்து மடித்து, மீண்டும் அடித்து மடித்துக் கசடை வெளியேற்றுவார்கள். பத்து முறை மடித்தாலே 1,024 அடுக்கு. கடைசியில் வாளின் முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் பூசி, செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான படிகமாக உறைகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கிறது. மார்ட்டென்சைட் ஆகும்போது எஃகின் கன அளவு சற்றே கூடும். அதனால் விளிம்புப் பக்கம் நீண்டு, நேராக இருந்த வாள் முதுகுப் பக்கமாக வளைகிறது. சாமுராய் வாளின் அழகான வளைவில் பெரும்பங்கை இப்படித் தண்ணீருக்குள் எஃகே வரைகிறது.

இந்தக் கைத்திறன்தான் துப்பாக்கியை ஜப்பானுக்குச் சொந்தமாக்கியது. 1543-இல் கியூஷுவுக்குத் தெற்கே தனேகஷிமா என்ற தீவில் ஒரு சீனக் கப்பல் ஒதுங்கியது. அதில் சில போர்த்துகீசியர் இருந்தார்கள், அவர்களிடம் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகள் இருந்தன. தீவின் தலைவர் தனேகஷிமா தொகிதாகாவுக்கு அப்போது பதினாறு வயதுதான். பெரும்பொருள் கொடுத்து இரண்டு துப்பாக்கிகளை வாங்கினார். அந்த நிகழ்வைச் சொல்லும் 'தெப்போகி' என்ற வரலாறு, 1606-இல் நான்போ புன்ஷி என்ற துறவி எழுதியது. அறுபது ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டதால் அதில் குடும்பப் பெருமையும் கலந்திருக்கும். துப்பாக்கி வேறு துறைமுகங்கள் வழியாகவும் வந்திருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள். அந்தத் துப்பாக்கியின் விசையமைப்பு கோவா, மலாக்கா போன்ற கீழைப் பட்டறைகளில் உருவான வகையைச் சேர்ந்தது என்ற கருத்தும் உண்டு. குதிரையை அழுத்தினால் வில்விசை 'டக்'கென்று திரியைக் கிண்ணத்தில் அடிக்கும் வகை அது.

தொகிதாகா தன் வாள் கொல்லர் யாயிதா கின்பேயிடம் இதைப் போல ஒன்று செய் என்றார். குழல் செய்வது கொல்லருக்குச் சிரமமாக இல்லை. இரும்புத் தகட்டை ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, ஓரங்களை உலையில் ஒட்டவைத்து, அதன் மேல் இன்னொரு இரும்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றி அடிக்கலாம். அவர் தடுமாறிய இடம் குழலின் பின்முனை. அதை அடைக்க வேண்டும். வெடிப்பின் அழுத்தத்தில் அந்த அடைப்பு சுடுகிறவனின் கண்ணில் பாயக் கூடாது. அதே சமயம் அதைக் கழற்றவும் முடிய வேண்டும். கறுப்பு வெடிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் பொட்டாசியம் உப்புகளாக மாறும்; அதில் ஒரு பகுதி புகையோடு போக, மீதி குழலிலேயே தங்கிவிடும். அந்தப் பிசுக்கைப் பின்பக்கமிருந்து வழிக்காவிட்டால் குழல் அடைத்துப் போகும், ஈரம் இழுத்து அரிக்கும்.

போர்த்துகீசியத் துப்பாக்கியில் அந்த அடைப்பு ஒரு திருகாணி. ஜப்பானில் அதுவரை திருகாணி புழக்கத்தில் இல்லை. வெளி மரையை அரத்தால் ராவி எடுத்துவிடலாம். ஆனால் விரல் நுழையாத குழலுக்குள் உள் மரையை எப்படி வெட்டுவது? மறு ஆண்டு வந்த கப்பலில் இருந்த ஒரு வெளிநாட்டுக் கொல்லன் அந்த வித்தையைக் கற்றுத் தந்ததாக 'தெப்போகி' சொல்கிறது. பிற்காலக் குழல்களை ஆராய்ந்தவர்கள் இன்னொரு வழியும் காட்டுகிறார்கள்: முடிந்த திருகாணியைக் குழலின் பின்முனையில் செருகி, குழலைச் செந்தணலாக்கி வெளியிலிருந்து அடித்தால், மரை உள்ளே தானாகப் பதிந்துவிடும். வாள் கொல்லருக்கு இது கைவந்த வேலை.

அதன் பிறகு துப்பாக்கி வேகமாகப் பரவியது. கீ மாகாணத்தின் நெகோரோ மடம், சக்காய் துறைமுகம், பிவா ஏரிக்கரையில் குனிதோமோ கிராமம் என்று பட்டறைகள் எழுந்தன. ஒரு தலைமுறைக்குள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். இரும்பு இருந்தது, கொல்லர் இருந்தார்கள், கரி இருந்தது. எரிமலை நாடு என்பதால் கந்தகத்துக்குக் குறைவே இல்லை. சீனாவுக்கு நூற்றாண்டுக் கணக்கில் கந்தகம் ஏற்றுமதி செய்த நாடு அது. இல்லாதது வெடியுப்பு ஒன்றுதான்.

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். கரியும் கந்தகமும் எரிய ஆக்ஸிஜன் வேண்டும்; மூடிய குழலுக்குள் காற்று ஏது? அந்த ஆக்ஸிஜனைத் தனக்குள் கட்டிவைத்திருந்து, சூடுபட்டதும் விடுவது வெடியுப்பு. அது இல்லையென்றால் மற்ற இரண்டும் வெறும் அடுப்புத் தூள். மண்ணில் கழிவுகள் மக்கும்போது நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஆனால் நைட்ரேட் தண்ணீரில் எளிதாகக் கரையும். பீகார் போன்ற இடங்களில் மழைக்குப் பின் வரும் நீண்ட வறட்சியில், நம் வீட்டுப் பழஞ்சுவரில் உப்புப் பூப்பதைப் போல அது மண்மேல் வெள்ளையாகப் பூக்கும்; வழித்து எடுக்கலாம். ஜப்பானில் ஆண்டு முழுக்க மழையும் பனியும். விளைந்த நைட்ரேட் விளைந்த வேகத்தில் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஆகவே அதைக் கடல்வழியே சீனாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வாங்கினார்கள். இதில்தான் போரின் அரசியல் இருக்கிறது. கியூஷுவின் பெரும் பிரபு ஓத்தொமோ சோரின் 1567-இல் மக்காவிலிருந்த கத்தோலிக்க ஆயர் கார்னெய்ரோவுக்குக் கடிதம் எழுதினார். நல்ல வெடியுப்பைத் தனக்கு மட்டும் அனுப்ப வேண்டும், தன் எதிரி மோரிக்குப் போகக் கூடாது என்பது அவர் கோரிக்கை. பின்னாளில் ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பிரபு, கப்பலில் வரும் உப்பின் மதிப்பை அதற்கு முன்பே நன்றாக அறிந்திருந்தார். நோபுனாகா 1568-இல் கியோட்டோவுக்குள் நுழைந்ததும் சக்காய் துறைமுகத்தைப் பணியவைத்தார். பட்டறை, வணிகர், வெளிநாட்டுச் சரக்கு மூன்றும் ஒரே இடத்தில் இருந்த ஊர் அது. அவர் எடுத்த முடிவுகளிலேயே மிகக் கூர்மையானது இதுதான் என்பேன்.

கடல் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டுத் தரையைத் தோண்டினார்கள். கூரைக்கடியில் மழை படாது என்பதால், பழைய வீடுகளின் தரைமண்ணில் நைட்ரேட் தங்கியிருக்கும். அதைக் கரைத்துக் காய்ச்சினால் கொஞ்சம் வெடியுப்பு கிடைக்கும். ஒருமுறை எடுத்துவிட்டால் அந்த மண் மறுபடி தேற வெகுகாலம் ஆகும்.

கொக்காயாமா மலைப்பகுதி மக்கள் இதையே ஒரு பயிராக்கினார்கள். அவர்களுடைய செங்குத்தான வைக்கோல் கூரை வீடுகள் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். மாடியில் பட்டுப்புழு வளர்ப்பார்கள். கீழே நடுக்கூடத்தில் தீக்குழி. அந்தத் தீக்குழிக்குப் பக்கத்தில், தரைப்பலகைக்கு அடியில் பெரிய பள்ளம் வெட்டுவார்கள். அதில் மண், பட்டுப்புழு எச்சம், மாசிப்பத்திரி வகைச் செடிகள், தினைவகைத் தட்டைகள் என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். சிறுநீரும் ஊற்றுவார்கள். வெளியே ஆளுயரப் பனி கிடக்கும் குளிர்காலத்திலும் தீக்குழியின் சூடு அந்த மண்ணுக்குள் நுண்ணுயிர்களை வாழவைக்கும். ஆண்டுக்குச் சில முறை கிளறிவிட வேண்டும், காற்றுப் பட வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் கழித்து அந்த மண்ணை எடுத்துத் தொட்டியில் நீர் வார்த்து வடிப்பார்கள். வருவது பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட். அதை அப்படியே பயன்படுத்தினால் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். எனவே விறகுச் சாம்பலைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். சாம்பலின் பொட்டாசியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு அடியில் படியும், ஆறவைத்தால் வெடியுப்புப் படிகம் ஊசி ஊசியாக இறங்கும். நைட்ரஜன் சுழற்சி என்று பள்ளியில் படிக்கும் பாடத்தை, நுண்ணுயிர் என்ற ஒன்று இருப்பதே தெரியாத உழவர்கள் தங்கள் அடுப்படியில் நடத்தியிருக்கிறார்கள். இந்தப் போர்க்காலத்தில் எனக்கு மிகுந்த மரியாதை வருவது இவர்கள் மேல்தான்.

கொக்காயாமா மக்கள் ஜோதோ ஷின்ஷு பௌத்தப் பிரிவினர். அந்தப் பிரிவின் தலைமையிடமான இஷியாமா ஹொங்கான்ஜி, இன்றைய ஒசாக்காவில், 1570 முதல் 1580 வரை நோபுனாகாவை எதிர்த்து நின்றது. அங்கே போன வெடிமருந்தில் கொக்காயாமாவின் பங்கு இருந்தது என்பது ஊர் மரபு. 1576-இல் அந்த முற்றுகையில் நோபுனாகாவே காலில் குண்டடி பட்டார்.

வெடியுப்பு எரிந்து போய்விடும். ஈயம் மண்ணில் கிடக்கும். அதனால் ஈயம் நமக்குப் பேசுகிறது. ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு: 204, 206, 207, 208. இவற்றில் கடைசி மூன்று யுரேனியமும் தோரியமும் சிதைவதாலும் சேர்ந்துகொண்டே வரும். எனவே எந்தச் சுரங்கம், எந்த வயதுப் பாறை என்பதைப் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும். உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. போர்க்காலத்துக் கோட்டைகளிலும் ஊர்களிலும் தோண்டியெடுத்த ஈயத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்படி அளந்தபோது, ஒரு பகுதி உள்நாட்டு ஈயம், ஒரு பகுதி சீன, கொரிய ஈயம் என்று தெரிந்தது. இன்னொரு தொகுதி மட்டும் எதனோடும் ஒட்டவில்லை. பல ஆண்டுத் தேடலுக்குப் பின் அது தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில் உள்ள சோங் தோ சுரங்கத்தோடு பொருந்தியது. ஜப்பானிய உழவன் ஒருவன் இன்னொரு ஜப்பானிய உழவனைச் சுட்ட குண்டு, சியாம் காட்டிலிருந்து கடல் கடந்து வந்திருக்கிறது.

இனி ஷிதாரகஹாராவுக்குத் திரும்பினால் களம் வேறு மாதிரி தெரியும். தக்கேடாக்களின் காய் மாகாணம் மலைகளால் சூழப்பட்டது, கடலே கிடையாது. அவர்களும் துப்பாக்கியின் அருமை தெரிந்தவர்கள்தான். பழமையில் ஊறிய குதிரைவீரர்கள் புதுமையிடம் தோற்றார்கள் என்ற கதை அவர்களுக்குச் செய்யும் அநியாயம். துப்பாக்கியும் மருந்தும் சேர்க்கச் சொல்லும் அவர்களுடைய ஆணைகள் கிடைத்திருக்கின்றன. குண்டு வார்ப்பதற்காக ஒரு கோயிலிடம் செல்லாக்காசுகளைக் கேட்டிருக்கிறார்கள். வெண்கலக் காசை உருக்கிக் குண்டு செய்கிறவனுக்கு ஈயம் கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

நோபுனாகா 30,000 பேரோடும் இயேயாசு 8,000 பேரோடும் வந்தார்கள். கட்சுயோரியிடம் 15,000 பேர். ரெங்கோ என்ற சிற்றோடைக்குப் பின்னால் மரக்கட்டைகளால் வேலி நட்டு, அதற்குப் பின் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். மூவாயிரம் துப்பாக்கிகள் மூன்று வரிசையில் நின்று மாறி மாறிச் சுட்டன என்று திரைப்படங்கள் காட்டும் காட்சி, ஓசே ஹோவான் என்பவர் அடுத்த நூற்றாண்டில் எழுதிய கதை நூலிலிருந்து வந்தது. போரின் காலத்தவரான ஓட்டா அப்படி எழுதவில்லை. இன்றைய வரலாற்றாசிரியர் பலரும் அதை ஏற்பதில்லை.

வேலியும் சேறும் செய்த வேலையைப் பார்க்க வரிசை எண்ணிக்கை வேண்டாம். திரித் துப்பாக்கியை மறுபடி நிரப்ப 20 முதல் 30 நொடி ஆகும். கவசத்தைத் துளைக்கும் தூரம் 50 மீட்டர், மிஞ்சினால் 100. நல்ல தரையில் ஓடிவருகிறவன் 100 மீட்டரைக் கடப்பதற்குள் ஒரு முறைதான் சுடலாம். ஓடை, வயற்சேறு, வேலி ஆகியவை அவனை ஒரு நிமிடம் நிறுத்தினால் அதே துப்பாக்கி மூன்று முறை சுடும். 22.5 கிராம் குண்டு நொடிக்கு 330 மீட்டரில் பாய்ந்தால் அதன் ஆற்றல் 1,200 ஜூலுக்கு மேல். 60 கிராம் அம்பு நொடிக்கு 55 மீட்டரில் போனால் 90 ஜூல்.

குதிரைப் பாய்ச்சலும் நாம் நினைப்பது போல இல்லை. கமாகுராவில் தோண்டியெடுத்த இடைக்காலக் குதிரை எலும்புகள் தோள் உயரம் சராசரி 130 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று காட்டுகின்றன. இன்றைய கணக்கில் மட்டக்குதிரை. ஜப்பானியர் சண்டை என்று வந்தால் குதிரையிலிருந்து இறங்கிவிடுகிறார்கள் என்று அக்காலத்தில் அங்கே வாழ்ந்த பாதிரியார் லூயிஸ் ஃபுரோயிஸ் குறித்திருக்கிறார். கட்சுயோரியின் ஆட்களில் பெரும்பாலோர் நடந்தும் ஓடியும்தான் அந்த வேலியை நோக்கி வந்திருப்பார்கள்.

தக்கேடா குடும்பம் இன்னும் ஏழாண்டு தாக்குப்பிடித்து 1582-இல் அழிந்தது. அதே ஆண்டில் நோபுனாகாவும் தன் தளபதியின் துரோகத்தால் மாண்டார். அவருக்குப் பின் டொயோடோமி ஹிடேயோஷி நாட்டை ஒன்றாக்கிவரும்போதே, 1588-இல் உழவர்களிடமிருந்து வாள்களையும் துப்பாக்கிகளையும் பறித்தார். 1600-இல் செக்கிகஹாராவில் வென்ற இயேயாசுவின் வம்சம் 1868 வரை ஆண்டது. கொக்காயாமா மட்டும் காகா பிரபுக்களுக்கு வெடியுப்புக் காய்ச்சிக்கொண்டே இருந்தது. அந்த வம்சத்துக்குப் பின் வந்த மெய்ஜி காலத்தில் மலிவான வெளிநாட்டு வெடியுப்பு வந்தபோதுதான் அந்தப் பள்ளங்கள் தூர்ந்தன.

ஜப்பான் போகிறவர்கள் அருங்காட்சியகத்தில் வாள்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அவசியம் பாருங்கள். கூடவே ஒரு நாள் ஒதுக்கி கொக்காயாமாவின் சுகானுமா கிராமத்துக்கும் போங்கள். அங்கே வெடியுப்புக்கென்றே ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது.